காப்பி மாண்டது, மக்கள் வேரூன்றினர்

கண்டி மாநகரின் மகியாவை மயானத்திலே ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்து தேசத்தவரின் கல்லறை இருக்கிறது. 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கர் நிலத்திலே தேயிலை பயிரிட்டு, இலங்கைத் தேயிலைக் கைத்தொழிலுக்கு வித்திட்டவர் இவரே. 1892இல் இவர் காலமானபோது, தோட்டத் தொழிலாளரே இவரது உடலை மலையிலிருந்து கண்டிவரை தோள்மேற் சுமந்து வந்தனர் என்பர். சுமக்கப்பட்டவரின் பெயர் கல்லிலே பொறிக்கப்பட்டிருக்கிறது. சுமந்தவர்களின் பெயர்களோ நம்மில் எவருக்கும் தெரியா.

சரித்திரம் எழுதப்பட்டு வந்த முறைக்கே இஃது ஓர் எடுத்துக்காட்டு எனலாம். நெடுங்காலமாக மலைநாட்டின் சரித்திரம் என்பது தேசாதிபதிகளின் சரித்திரமாகவும் துரைமாரின் சரித்திரமாகவுமே இருந்து வந்தது. காட்டைப் பற்றி எழுதியவர் தொழிலாளியைப் பற்றி எழுதவில்லை. தொழிலாளியைப் பற்றி எழுதியவர் செடியைப் பற்றி எண்ணவில்லை. சட்டத்தைப் பற்றி எழுதியவரோ இவ்விரண்டையும் பொருட்படுத்தவில்லை. பிற்கால ஆராய்ச்சியாளரே இவற்றை ஒருங்கு வைத்து நோக்கத் தலைப்பட்டனர். அவ்வாறு நோக்குங்கால், மலையகத் தமிழர் இந்நாட்டில் வேரூன்றியதற்கும் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பூஞ்சணத்துக்கும் உள்ள தொடர்பு துலங்குகிறது. அக்கதையையே இங்கு கூற விழைகிறோம்.

காடு போன கதை

கம்பளைக்கு அண்மையில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் காப்பித் தோட்டம் திறந்தது 1820களிலாகும். 1830களின் பிற்பகுதியில் காப்பி மோகம் ஆங்கிலேயரைப் பற்றிக் கொண்டது. நிலம் வேண்டியிருந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் அதற்கு வழி செய்தது. உறுதி காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்கே உரியன எனக் கொள்ளப்பட்டன. ஓர் ஏக்கர் ஐந்து சிலிங் என்னும் விலைக்குக்கூட அக்காலத்தில் காடுகள் கைமாறின.

கண்டிக் கிராமத்தவருக்கு அக்காடு வெறுங்காடு அன்று. மாடு மேய்த்ததும், விறகு வெட்டியதும், சேனைப் பயிர் செய்ததும் அங்கேதான். 1870களில் இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைக் காப்பி மூடி நின்றது. ஜேம்ஸ் வெப் என்னும் அமெரிக்க சரித்திர ஆசிரியர் 2002இல் வெளியிட்ட தமது நூலில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நமது மலைகள் அடைந்த இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட அரச காடுகளை விற்பது தடுக்கப்பட்டது. அத்தடை இல்லாதிருப்பின் இன்று நாம் காணும் உச்சிக் காடுகளும் எஞ்சியிருக்குமோ என்பது ஐயமே.

வந்து போனோர்

காட்டை வெட்டிச் சாய்க்கும் வேலையைக் கண்டிக் கிராமத்தவர் கூலிக்குச் செய்ததுண்டு. ஆயினும், தமக்கென வயலும் தோட்டமும் உடையவர்கள் துரைமார் கொடுத்த சம்பளத்துக்கு ஆண்டு முழுதும் பிரட்டுக்களத்தில் நிற்க விரும்புவரோ? ஆகவே தென்னிந்தியாவிலே, பஞ்சமும் கடனும் நிலமின்மையும் வாட்டிய கிராமங்களிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். ஒருவனுக்குக் காடு போயிற்று. மற்றவனுக்கு ஊர் போயிற்று. இருவரையும் ஒருவருக்கொருவர் பகைவராகக் காட்டும் கதைகள் பின்னர் எழுந்தன. இருவரது இழப்பும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

வந்தவர்கள் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே பேதியும் காய்ச்சலும் பசியும் எத்தனையோ உயிர்களைக் கொள்ளை கொண்டன. ‘கண்டிச்சீமை’க்குப் புறப்பட்டவர் யாவரும் கண்டிச்சீமையைக் கண்டாரல்லர். டொனொவன் மோல்ட்ரிச் என்னும் இலங்கை எழுத்தாளர் 1989இல் வெளியிட்ட காப்பித் தொழிலாளர் பற்றிய நூல் இத்துயரத்தையே பேசுகிறது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். காப்பிப் பழம் பறிக்கும் காலம் ஆண்டில் சில மாதங்களே. ஆதலால் அக்காலத்துத் தொழிலாளருட் பெரும்பாலோர் ஆடவர். பழம் பறித்து முடிந்ததும் கையிற் கிடைத்ததைக் கொண்டு ஊர் திரும்பியவர் பலர். ‘இவர்கள் இன்று வந்து நாளை போவோர்’ என்னும் எண்ணம் பிறந்தது இக்காலத்தில்தான்.

எமிலியின் வருகை

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலே காப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்த புள்ளிகள் காணப்பட்டன. அது துரு நோய். ஹெமிலியா வெஸ்டாட்ரிக்ஸ் என்பது அப்பூஞ்சணத்தின் விஞ்ஞானப் பெயர். துரைமார் அதனைப் ‘பாழாக்கும் எமிலி’ என்று வேடிக்கையாக அழைத்தனர். வேடிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி இந்நோயை ஆராய்வதற்காக இங்கு வந்தார். நோயின் வித்துகள் காற்றிலே பரவுகின்றன என்பதையும், மலைக்கு மலை ஒரே செடியை இடைவெளியின்றி நட்டு வைத்தமையே அது தங்குதடையின்றிப் பரவ இடங்கொடுத்தது என்பதையும் அவர் எடுத்துரைத்தார். பலவகை மரங்கள் செறிந்த காட்டை அழித்தவர்கள், நோய்க்குத் தடையாக நின்றிருக்கக் கூடிய மதிலையும் தாமே இடித்துவிட்டார்கள்.

காப்பி மாண்டது. தோட்டங்கள் மூடப்பட்டன. பட்டுப்போன காப்பிக் கட்டைகள் இங்கிலாந்துக்குச் சென்று தேநீர் மேசைகளுக்குக் கால்களாயின என்றும் கூறுவர். சிறிது காலம் சிங்கோனா பயிராயிற்று. விலை வீழ்ந்ததும் அதுவும் கைவிடப்பட்டது. இறுதியில் எஞ்சியது டெயிலரின் தேயிலையே. 1900ஆம் ஆண்டளவில் மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேல் தேயிலை பரந்து கிடந்தது.

கொழுந்துக்கு ஓய்வில்லை

காப்பிக்குப் பருவமுண்டு, கொழுந்துக்கு அஃதில்லை. ஆண்டு முழுவதும் சில நாட்களுக்கொரு முறை கொழுந்து எடுக்கப்படுதல் வேண்டும். பதமான விரல்கள் வேண்டும், பெண்கள் வேண்டும், ஆகவே குடும்பங்கள் வேண்டும். வந்து போன ஆடவரின் இடத்திலே மனைவியும் மக்களும் கூடிய குடும்பங்கள் நிலைத்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்களைக் கொண்ட லயங்கள் நிரையாக எழுந்தன. அங்கே பிள்ளைகள் பிறந்தனர், வளர்ந்தனர், அம்மலையிலேயே புதைக்கப்பட்டனர்.

அவர்கள் விரும்பினும் போக முடியாதபடி கட்டுகளும் இருந்தன. தொழிலாளி கங்காணியிடம் பட்ட கடன் ‘துண்டு’ என்னும் சீட்டிலே எழுதப்பட்டது. அக்கடனைத் தீர்ப்பவரே அவனை வேறு தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம். 1921இல் சட்டத்தினால் ஒழிக்கப்படும்வரை, ஒரு காகிதத் துண்டு மனிதனை மலையோடு பிணைத்து வைத்திருந்தது. போகாதே எனக் கட்டி வைத்தவர்களின் காலம் அது. நீ ஏன் இங்கிருக்கிறாய் எனக் கேட்பவர்களின் காலம் பின்னர் வந்தது.

கேட்கப்பட்ட சான்று

சுதந்திரத்தின் பின் இயற்றப்பட்ட 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தை இந்நாட்டிற் பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தவர்கள் என்றோ காட்டும்படி கேட்டது. லயத்துக் காம்பராவிலே பிறந்த பூட்டனுக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எழுதி வைத்தவர் யார்? 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. 1960களின் தொடக்கத்துக்குள் உரிமை பெற்றவர் சுமார் 134,000 பேரே. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிப் பங்கிட்டது. நாடற்றோராக எஞ்சியவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது.

இந்த அரை நூற்றாண்டுத் துன்பத்தின் அடியிலே கிடந்தது, ‘இவர்கள் வந்து போவோர்’ என்னும் அந்தப் பழைய எண்ணமே. அது காப்பிக் காலத்து எண்ணம். காப்பி அழிந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும், தேயிலையோடு வேரூன்றிய மக்களை அந்த அளவுகோல் கொண்டே அளந்தார்கள். செடியின் சரித்திரத்தை அறிந்திருந்தால் மனிதனின் சரித்திரத்தில் இப்பிழை இவ்வளவு எளிதாக நேர்ந்திராது. ஆராய்ச்சி என்பது ஏட்டறிஞர்களின் பொழுதுபோக்கன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

பாட்டும் ஒரு சாசனம்

1947இல் மலைநாட்டு மக்களின் வாக்குகளாற் பாராளுமன்றம் சென்றவர்களுள் சி. வி. வேலுப்பிள்ளையும் ஒருவர். அவரைத் தெரிந்தெடுத்தோரில் மிகப் பலர் அடுத்த தேர்தலில் வாக்கிழந்து நின்றனர். கவிஞராகிய அவர், அம்மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் திரட்டினார். கண்டிக்கு நடந்த வழியும், கங்காணியின் கடுமையும், தாலாட்டும் ஒப்பாரியும் அத்தகைய பாடல்களில் வாழ்கின்றன. கச்சேரிக் கோப்புகளிற் பெயரில்லாதவர்கள் பாட்டிலே பேசுகிறார்கள். அவற்றையும் சாசனமாகக் கொள்ளும் ஆராய்ச்சியே முழுமையான ஆராய்ச்சியாகும்.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயினும் அங்கு வாழ்ந்தோர் சொந்தமாகக் காணியற்றவர்கள், வேறெங்கே போவர்? நிலத்தின் கதையும் உழைப்பின் கதையும் உரிமையின் கதையும் வேறு வேறல்ல என்பதை அன்று அம்மலை சொல்லிற்று.

நம் இல்லங்களிலே பாட்டன் பாட்டியர் உளரேல், அவர்கள் எந்தத் தோட்டத்தில், எந்த மலையில், எந்தக் கங்காணியின் கீழ்ப் பேர் பதிந்திருந்தனர் என்பதை இன்றே கேட்டு எழுதி வைப்போமாக. டெயிலரைச் சுமந்தவர்களின் பெயர்கள் தொலைந்து போயின. எஞ்சிய பெயர்களையேனும் தொலையாமற் காத்தல் நம் கையிலேயே இருக்கிறது.