பிறைக்குள் ஒரு முழு நிலா

அமாவாசை கழிந்து மூன்றாம் நாள், சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் ஆனதும் மேற்கு வானத்தைப் பாருங்கள். மெல்லிய பிறை தெரியும். இன்னும் உற்றுப் பார்த்தால் பிறை போக மிச்ச வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். சூரிய வெளிச்சமே படாத அந்தப் பகுதி நம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது?

அங்கே விழுவது பூமியின் வெளிச்சம்! பூமிமேல் விழும் சூரிய ஒளியில் நூற்றுக்குச் சுமார் 30 பங்கு விண்வெளிக்கே திரும்பிவிடுகிறது. அதில் கொஞ்சம் நிலாவில் பட்டு மறுபடி நம்மிடம் வருகிறது. இதற்குப் புவியொளி என்று பெயர். நமக்குப் பிறை தெரியும் நாளில், நிலாவில் நின்று பார்த்தால் பூமி ஏறக்குறைய முழு வட்டமாக ஒளிரும். சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே லியோனார்டோ டா வின்சி இந்தக் காரணத்தை எழுதிவைத்துவிட்டார். கடல் நீர்தான் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அவர் நினைத்தார். உண்மையில் பெரும்பங்கு மேகங்களுடையது.

இதைப் படம் பிடிக்க விலை உயர்ந்த கேமரா வேண்டாம். ஜூம் உள்ள சாதாரண கேமரா போதும். சொட்டும் குழாயின் கீழே குடத்தை வைத்துவிட்டால் நேரம் ஆக ஆகத் தண்ணீர் சேரும் அல்லவா? கேமராவும் அப்படித்தான் ஒளியைச் சேர்க்கும். நம் கண்ணால் அது முடியாது.

முதலில் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. எண்ணை 800-இல் வைத்து, ஷட்டர் 1 அல்லது 2 விநாடி திறந்திருக்கும்படி மாற்றுங்கள். கையில் பிடித்தால் படம் கலங்கிவிடும். ஸ்டாண்ட் இல்லையா? மொட்டைமாடிச் சுவரில் ஒரு துணி மூட்டையை வைத்து, அதன்மேல் கேமராவை அழுத்தி வையுங்கள். பட்டனைத் தொடும்போதுகூட ஆடும் என்பதால் டைமரைப் போடுங்கள். நேரத்தை ரொம்பவும் கூட்ட வேண்டாம். நிலா தன் அகலத்தின் அளவுக்கு வானில் நகர 2 நிமிடம்தான் ஆகிறது, படத்தில் இழுபட்டுவிடும்.

படத்தில் பிறை வெள்ளையாகப் பொங்கி வழியும். அதை விட்டுவிட்டு இருண்ட பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். முழு நிலாவில் பார்க்கும் அதே கறுப்புத் திட்டுகள் இருக்கும்! பிறைக்கு எதிர்ப்பக்கம், ஓரத்தைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே, ஒரு வெளிச்சப் புள்ளி தெரிகிறதா? அது அரிஸ்டார்கஸ். சுமார் 40 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம். நிலாவில் மிகவும் பளிச்சென்ற இடங்களில் ஒன்று. யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், 1787-இல் நிலாவின் இருண்ட பகுதியில் எரிமலைகளைப் பார்த்ததாக அறிவித்தார். அவற்றில் ஒன்று அரிஸ்டார்கஸாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு பெரிய வானியலாளரையே ஏமாற்றிய புள்ளி, உங்கள் படத்திலும் விழும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஊரில் மாலை 7 மணிக்கு அந்தப் பிறையை நோக்கியிருக்கும் பூமியின் பகல் பக்கத்தில் நடுவே இருப்பது ஆப்பிரிக்கா. அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு, விடியற்காலை 5 மணிக்குக் கிழக்கே தெரியும் தேய்பிறைக்கோ ஆஸ்திரேலியாவும் பசிபிக் கடலும் வெளிச்சம் தருகின்றன. அதே கேமரா, அதே அமைப்பில் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். தேதியையும் நேரத்தையும் நோட்டில் குறித்து வையுங்கள். எந்தப் புவியொளி உங்களுக்குப் பளிச்சென்று கிடைத்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.