புள்ளித் தாளில் இத்தனை சங்கதியா!

கோடு போட்ட நோட்டு தெரியும். கட்டம் போட்ட கணக்கு நோட்டும் தெரியும். கோடே இல்லாமல், வரிசையாகப் புள்ளி மட்டும் அச்சடித்த ‘டாட் கிரிட்’ நோட்டு? ஸ்டேஷனரி கடையில் புரட்டிப் பார்த்து, ‘இதில் என்னத்தை எழுதுவது?’ என்று திருப்பி வைத்துவிட்டு வந்தவரா நீங்கள்? அப்படியென்றால் மேலே படியுங்கள்!

அந்தத் தாளே ஒரு ஸ்கேல், தெரியுமா? பெரும்பாலான புள்ளி நோட்டுகளில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 5 மி.மீ. இடைவெளி. இரண்டு இடைவெளி சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர்! ஏ5 தாளின் அகலம் 148 மி.மீ.; ஓரம் போக ஏறக்குறைய 26 கட்டம் தேறும். நாளுக்கு மூன்று கட்டம் வீதம் வாரத்துக்கு 21. மிச்சம் இருக்கிற ஐந்தில் ‘பாக்கிப் பாடம்’ என்று ஒரு பத்தி. ஸ்கேலைத் தொடாமல் தேர்வு மாத அட்டவணை தயார்! புள்ளிகள் வெளிர்சாம்பல் நிறம் என்பதால், எழுதி முடித்ததும் அவை இருப்பதே கண்ணில் படாது. ஒரே பக்கத்தில் மேலே குறிப்பு, நடுவில் இதயத்தின் படம், கீழே பட்டியல் என்று எப்படி வேண்டுமானாலும் போடலாம். குறுக்கே வந்து தடுக்கக் கோடு இல்லை.

இந்த நோட்டுக்கு இவ்வளவு மவுசு வந்தது எப்படி? ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளருக்குச் சிறுவயதிலிருந்தே கவனம் நிலைக்காத சிக்கல் உண்டு. தனக்காக அவர் உருவாக்கிக்கொண்ட குறிப்பு முறையை 2013-ல் நியூயார்க்கிலிருந்து ‘புல்லட் ஜர்னல்’ என்ற பெயரில் வெளியிட்டார். செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு புள்ளி. முடிந்தால் அதன் மேலேயே பெருக்கல் குறி. அடுத்த மாதத்துக்குத் தள்ளினால் அம்புக்குறி. இவ்வளவுதான்! ஆனால் சூட்சுமம் ஒன்று இருக்கிறது: தள்ளிய வேலையைப் புதுப் பக்கத்தில் கையால் மறுபடி எழுத வேண்டும். எழுதவே அலுப்பாக இருக்கிறதா? அந்த வேலை தேவைதானா என்று யோசித்து அடித்துவிடலாம். இந்த முறைக்குப் புள்ளித் தாள்தான் வேண்டும் என்றில்லை. பயன்படுத்தியவர்களில் பலர் தாமாகவே புள்ளித் தாளுக்கு வந்து சேர்ந்தார்கள். (வாஷி டேப், ஸ்டிக்கர், ஏழு வண்ண ஜெல் பேனா என்று அலங்கரிப்பதிலேயே மாலை முழுதும் கழிந்தால், மறுநாள் தேர்வுக்குக் கேரல் பொறுப்பல்ல!)

அசல் ஆச்சரியம் இனிமேல்தான். அடுத்தடுத்த நான்கு புள்ளிகளுக்கு நடுவே உள்ள சின்னச் சதுரத்தின் பரப்பு 1 என்று வையுங்கள். புள்ளிகளை மட்டும் மூலையாக வைத்துப் பரப்பு 5 உள்ள சதுரம் வரைய முடியுமா? முடியும்! சதுரங்கக் குதிரை போல இரண்டு தள்ளி ஒன்று ஏறுங்கள். சாய்வான அந்தக் கோடுதான் பக்கம் (2²+1²=5). சரி, பரப்பு 3 உள்ள சதுரம்? விடிய விடிய உட்கார்ந்தாலும் வராது! இரண்டு வர்க்க எண்களின் கூட்டலாக 3 அமையாது, அதனால்தான்.

எவ்வளவு கோணல்மாணலான உருவத்துக்கும் பரப்பளவைப் புள்ளி எண்ணியே சொல்லிவிடலாம், தெரியுமா? நேர்க்கோடுகளால் ஆன உருவமாக இருக்க வேண்டும், மூலைகள் புள்ளியில் விழ வேண்டும், கோடுகள் ஒன்றையொன்று வெட்டக் கூடாது. உள்ளே இருக்கும் புள்ளிகளை எண்ணுங்கள், விளிம்பில் இருப்பவற்றில் பாதியைச் சேருங்கள், ஒன்றைக் கழியுங்கள். உள்ளே 7, விளிம்பில் 10 என்றால் 7+5-1, விடை 11. தீர்ந்தது! 1899-ல் இதைத் தந்தவர், வியன்னாவில் பிறந்து பிராகாவில் பேராசிரியராக இருந்த கியோர்க் பிக். 1911-ல் ஐன்ஸ்டைன் பிராகாவுக்குப் பேராசிரியராக வருவதற்கு முன்னின்று உழைத்தவரும் இவரே. யூதரான அவர் 1942-ல் தெரேசியன்ஸ்டாட் நாஜி முகாமில் இறந்தார். நம் பாடப்புத்தகங்கள் இவருக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கலாம்.

இன்னொன்று கேளுங்கள்: சதுரப் புள்ளித் தாளில் மூன்று மூலையும் புள்ளியில் விழும்படி ஒரு சமபக்க முக்கோணம்கூட வரைய முடியாது! அதற்குப் புள்ளிகளை இடம் மாற்றி வைக்க வேண்டும். கோலம் போடுகிறவர்களுக்கு இது பழகிய விஷயம்: நேர்ப்புள்ளி ஒன்று, இடுக்குப்புள்ளி ஒன்று. நடுவில் ஏழு வைத்து, மேலும் கீழும் இடுக்கில் ஆறு, ஐந்து, நான்கு என்று குறைத்தால் அறுகோணம் தானாக நிற்கும். பொறியியல் முதலாண்டு மாணவர்கள் கனசதுரம் வரையும் ‘ஐசோமெட்ரிக்’ புள்ளித் தாளும் இதே இடுக்குப்புள்ளி ஏற்பாடுதான்! கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியலுக்கே கொண்டுபோனவர்களும் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-ல் இதை ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார்கள்.

கடைசி பெஞ்சில் புள்ளி வைத்துக் கட்டம் பிடிக்கும் ஆட்டத்தை 1889-ல் அச்சில் வெளியிட்டவர் பிரெஞ்சுக் கணிதர் எத்வார் லூக்கா. ‘ஹனோய் கோபுரம்’ புதிரும் அவருடையதுதான்! ஸ்வீடனின் ஆனோட்டோ நிறுவனமோ 0.3 மி.மீ. இடைவெளியில் ஏறக்குறைய கண்ணுக்கே தெரியாத அளவு சின்னப் புள்ளிகளை அச்சிட்டது. பேனாவிலுள்ள கேமரா அவற்றைப் பார்த்து, தாளில் தான் எங்கே இருக்கிறோம் என்று கண்டுபிடித்துவிடும்!

நோட்டு விலை அதிகமாகத் தெரிகிறதா? புள்ளித் தாளின் பிடிஎஃப் கோப்பைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போங்கள். ‘ஃபிட் டு பேஜ்’ வேண்டாம், ‘ஆக்சுவல் சைஸ்’ போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 5 மி.மீ. இடைவெளி சுருங்கிவிடும். முதல் தாள் வந்ததும் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 20 இடைவெளிக்குச் சரியாக 10 செ.மீ. வந்தால் மட்டும் மீதியை அச்சடிக்கச் சொல்லுங்கள்.