அபிமான ஆசிரியரும் ஆளின் குணமும்

ஒருவன் போற்றும் கிரந்தகர்த்தாவின் பெயரைக் கேட்டாலே அவன் குணத்தைச் சொல்லிவிடலாம் என்போர் பலருண்டு. இதை நாம் முற்றும் ஒப்புவதற்கில்லை. ஒரே சட்டப்பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு இரு கட்சி வக்கீல்களும் வாதிப்பதைக் கண்டு பழகியவர்கள் நாம்.

கீதையையே எடுத்துக்கொள்வோம். 1908-ல் ராஜத்துரோக வழக்கில் தண்டனை பெற்று மாந்தளைக்கு அனுப்பப்பட்ட லோகமான்ய திலகர், அச்சிறையிலே 1910-11 குளிர்காலத்தில் பென்ஸிலால் கீதா ரகஸ்யத்தை எழுதினார். 1915-ல் அது வெளிவந்தது. சங்கரர் ஞானத்தையும் ராமானுஜர் பக்தியையும் முதன்மையாக உரைத்திருக்க, கர்மயோகமே அதன் உயிரென்று அவர் சாதித்தார். தீயோரை எதிர்த்துத் தண்டிப்பதும் பற்றற்றவனுக்குக் கடமையாகலாம் என்பது அவர் கொள்கை. காந்தியடிகளோ லண்டனில் மாணவராயிருந்தபோது எட்வின் ஆர்னால்டின் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் அந்நூலை முதன்முதல் படித்தவர். குருக்ஷேத்திரம் மனிதன் உள்ளத்தில் நடக்கும் போரென்றும், பற்றை ஒழித்தவனுக்கு அஹிம்ஸையன்றி வழியில்லையென்றும் கண்டார். அவருடைய ‘அநாஸக்தி யோகம்’ வெளிவந்த தினம் 1930 மார்ச் 12. தண்டி யாத்திரை புறப்பட்ட அதே தினம்!

வியாஸர் ஒருவரே, வாசகர் இருவர். மூலையில் ஒதுங்கியவர் அவ்விருவரில் எவருமிலர்.

1904-ல் ஜோஹானஸ்பர்க்கிலிருந்து டர்பன் செல்லும் ரயிலில் ரஸ்கினுடைய நூலைப் படித்த காந்தியடிகள், தம் உள்ளத்தில் ஆழ்ந்து கிடந்த நம்பிக்கைகளையே அதில் கண்டதாகச் சுயசரிதையில் எழுதுகிறார்.

ஆகவே, அபிமான ஆசிரியர் யாரென்று நண்பர்களைக் கேட்பதோடு நாம் நிற்பதில்லை. புஸ்தகத்தையே வாங்கி, எவ்வரியின்கீழ் கோடு கிழித்திருக்கிறார்கள் என்று பார்ப்பது நம் வழக்கம். தாளே பிரிக்கப்படாத புஸ்தகங்களும் அவற்றில் உண்டு.