போட்டோஷூட்டுக்குப் பிள்ளை தயாரா?

பிரசவத் தேதி தெரிந்ததுமே போட்டோகிராபரிடமும் தேதி வாங்கிவிடுகிற காலம் இது. பச்சைப் பிள்ளையைப் படமெடுத்தால் ஆயுசு குறையும் என்று தடுத்த பாட்டிகள்கூட இப்போது பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கேமரா முன் வந்து நிற்கிறார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் விளக்கும் கூடையும் துணியும் பிள்ளையின் பசிக்கும் தூக்கத்துக்கும் ஏற்பத்தான் நகர வேண்டும்.

எந்த நாளில்?

பிறந்த 5 முதல் 14 நாளுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பார்கள் படமெடுப்பவர்கள். அப்போது பிள்ளை அதிகம் தூங்கும், வயிற்றுக்குள் இருந்ததுபோலச் சுருண்டுகொள்ளும். படத்துக்கு அது வசதி, அவ்வளவுதான். பிறந்தபின் குறைந்த எடையைப் பிள்ளை மீட்பதும், தொப்புள்கொடி காய்ந்து விழுவதும், தாய்க்குப் பால் நிலைப்பதும் இதே நாட்களில்தான். குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, மஞ்சள் காமாலைக்கு விளக்கொளியில் வைத்திருந்த பிள்ளை என்றால் மருத்துவர் சரி சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். ஒரு மாதம் கழித்து எடுத்தால் என்ன குறைந்துவிடும்? கண் விழித்து முகம் பார்க்கும் பிள்ளையின் படம்தான் எனக்குப் பிடிக்கும். புண்ணியாகவாசனம் முடியும்வரை வெளியாட்களை விடாத வீடுகள் இந்த விஷயத்தில் புத்திசாலி வீடுகள்.

குளிரும் சூடும்

பச்சிளங்குழந்தைக்கு நம்மைப்போல நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. அதன் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். துணியில்லாமல் படமெடுப்பதானால் ஏசியை நிறுத்துங்கள், மின்விசிறிக் காற்று நேராகப் பட வேண்டாம். அதற்காக ஹீட்டரைப் பக்கத்தில் வைத்தால் எதிர்ப்பக்கத்து ஆபத்து. பிள்ளையின் முகம் சிவந்து, பிடரி வியர்த்தால் சூடு அதிகம் என்று பொருள். கையையும் காலையும் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். முதல் சில நாட்களில் அவை சில்லென்று, சற்று நீலமாகக்கூட இருக்கும். நெஞ்சையும் வயிற்றையும் தொட்டுப் பாருங்கள். உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தால் மட்டும் கேமராவை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

தவளை போஸ் என்னும் கண்கட்டு

முழங்கையை ஊன்றி, உள்ளங்கைகளில் மோவாயைத் தாங்கி, பிள்ளை தானே தலையைப் பிடித்திருப்பதுபோல ஒரு படம் பார்த்திருப்பீர்கள். பிள்ளை அப்படி உட்காரவே முடியாது. ஒரு படத்தில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் கைகளைப் பிடித்திருப்பார். இரண்டையும் கணினியில் ஒட்டிக் கையை அழித்துவிடுவார்கள். "ஒரு செகண்ட் கையை எடுங்க சார்" என்று யாராவது சொன்னால் ஷூட்டை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். கழுத்து நிற்காத பிள்ளையின் மோவாய் நெஞ்சில் படிந்தால் மூச்சுக்குழல் மடங்கி அடைபடும். தலையை நிமிர்த்திக்கொள்ள அதற்குப் பலம் கிடையாது.

புகைப்படக் கலைஞர் ஆன் கெடெஸின் 'டவுன் இன் த கார்டன்' 1996இல் வந்தது. பூந்தொட்டிக்குள் பிள்ளையை வைக்கும் மோகத்தை உலகெங்கும் பரப்பியதில் அந்தப் படநூலுக்குப் பங்குண்டு. கண்ணாடி ஜாடி, வாளி, தொங்கும் ஊஞ்சல் எதுவும் எனக்கு உடன்பாடில்லை. மெத்தையும் அம்மாவின் தோளும் போதும். துணியில் சுற்றும்போது காலை நீட்டி இறுக்க வேண்டாம், இடுப்பு மூட்டு விலகக்கூடும். கை எட்டும் தூரத்தில், போனைத் தொடாமல், ஒருவர் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அழுகையை நிறுத்தத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ கூடாது, தாய்ப்பால்தான். கண்ணுக்கு மையும் வேண்டாம். திருஷ்டிப் பொட்டை எடிட்டிங்கில் வைத்துக்கொள்ளலாம்!

ஃபிளாஷ் வெளிச்சம் கண்ணைக் கெடுக்காது, ஆனால் பிள்ளை திடுக்கிடும். ஜன்னல் வெளிச்சம் இதமானது. தூங்கவைக்கும் இரைச்சல் ஒலியைக் காதருகே வைக்காமல், 2 மீட்டராவது தள்ளி மெதுவாக ஒலிக்கவிடுங்கள்.

அம்மாவுக்கும் ஒரு நாற்காலி

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். தையல் ஆறாத பெண்ணைத் தரையில் உட்காரவைத்து எழுப்புவது நியாயமில்லை. வீட்டிலேயே எடுத்தால் அவள் சாய்ந்துகொள்ளலாம், நினைத்தபோது பால் கொடுக்கலாம். படமெடுப்பவருக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் இன்னொரு நாள் வரட்டும். வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

சமர்த்துத் தூக்கம்

எத்தனை போஸ் மாற்றினாலும் விழிக்காத பிள்ளையைச் 'சமர்த்து' என்று எல்லோரும் மெச்சுவார்கள். இந்த வயதில் பிள்ளை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்க வேண்டும். பால் நேரம் தாண்டியும், எழுப்பியும் எழாமல், துவண்டு கிடந்தால் காமாலையோ கிருமித்தொற்றோ காரணமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.