நாவலை வாங்கலாமா? செக்கானூரணிக்குள் ஒரு தீர்ப்பு!

உசிலம்பட்டி பஸ் நிலையம். மதுரைக்குப் புறப்படும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் ஒரு வாலிபர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கண்டக்டர் விசில் கொடுக்கிறார். வாலிபர் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுக்கிறார். திரையில் ஒரு நாவலின் அட்டைப்படம். அதன் கீழே விலை. அதற்கும் கீழே நாலரை நட்சத்திரம். போதாக்குறைக்கு, ‘ஒரே ஒரு பிரதிதான் பாக்கி இருக்கிறது’ என்று சிவப்பு எழுத்தில் ஓர் அவசர அறிவிப்பு வேறு!

வாங்குவதா, விடுவதா? பஸ் செக்கானூரணியைத் தொடுவதற்குள் அவர் முடிவு செய்துவிடுவார். கத்தரிக்காய் வாங்குவதற்குக்கூட நாலு கடை ஏறி இறங்கும் மனிதர், ஐந்நூறு ரூபாய் நாவலுக்கு இரண்டு நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்!

இந்த அவசரம் புதிதல்ல. பஸ் நிலையக் கடைகளில் மாத நாவல்களைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த காலம் ஒன்று உண்டு. 1969-ல் ‘ராணி முத்து’ ஆரம்பமாயிற்று. பின்னால் துப்பறியும் கதைகள் வரிசை வரிசையாக வந்தன. பஸ் கிளம்புவதற்குள் அட்டையைப் பார்த்து, ஆசிரியர் பெயரைப் பார்த்து, சில்லறையை நீட்டி வாங்கியவர்கள்தான் லட்சக்கணக்கானோர். ஆனால் அவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. கடைக்காரர் முகம் சுளிப்பதற்குள் நடுவிலே இரண்டு பக்கம் புரட்டிவிடலாம். செல்போனில் அது நடக்குமா?

பன்னீர் தெளித்ததோடு சரி!

‘மாதிரிப் பக்கம்’ என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2016 டிசம்பரில் அமேசான் நிறுவனத்தார் தங்கள் கிண்டில் கடையில் தமிழ் உள்பட ஐந்து இந்திய மொழிகளில் மின்புத்தகங்களை விற்கத் தொடங்கினார்கள். ஒரு புத்தகத்தின் ஆரம்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் காசில்லாமல் படித்துப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் நம் தமிழ்ப் புத்தகத்தின் அமைப்பு எப்படி? முதலில் சமர்ப்பணம். அடுத்து பதிப்புரை. பிறகு பெரியவர் ஒருவரின் அணிந்துரை, இன்னொருவரின் வாழ்த்துரை. அதன்பின் ஆசிரியரின் என்னுரை. அதில் அவர் நன்றி சொல்லவேண்டியவர்களோ ஏராளம்! சிறிய நாவலாக இருந்தால், கதாநாயகன் வருவதற்கு முன்பே மாதிரிப் பக்கம் தீர்ந்துபோகிறது. கல்யாண வீட்டுக்குப் போய், வாசலில் பன்னீர் தெளித்ததோடு திரும்பி வந்த கதைதான்.

சரி, நட்சத்திரத்தை நம்பலாமா? மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி பழைய கேள்வி. பொற்றாமரைக் குளத்துச் சங்கப் பலகை, தகுதியுள்ள நூலுக்கு மட்டுமே இடம் கொடுக்கும் என்பது ஐதீகம். சோழவந்தான் பக்கத்தில், வைகைக் கரையில் உள்ள திருவேடகத்துக்கும் ஒரு கதை உண்டு. சம்பந்தர் இட்ட ஏடு வெள்ளத்தை எதிர்த்து நீந்திக் கரையேறிய இடமாம் அது. பலகைக்கும் ஆற்றுக்கும் கட்சி கிடையாது, சிநேகிதர் கிடையாது. நட்சத்திரம் போடுகிறவருக்கோ இரண்டும் உண்டு. புத்தகம் நசுங்கி வந்து சேர்ந்தது என்பதற்காகக் கதாசிரியருக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்!

உசிலம்பட்டிக்கே ஒரு சோதனை

உசிலம்பட்டிக்காரர் ஒருவர் ‘காவல் கோட்டம்’ என்று தட்டித் தேடுகிறார் என்று வையுங்கள். சு. வெங்கடேசன் எழுதி, 2008-ல் தமிழினி வெளியிட்ட நாவல் அது. ஆயிரம் பக்கத்துக்கு மேல்! மதுரையின் சுமார் அறுநூறு ஆண்டுச் சரித்திரம். நாயக்கர் ஆட்சி, கோட்டை இடிபட்டது, வெள்ளைக்காரர் போலீஸ் வந்தது, ஊர்க் காவல் உரிமையை இழந்த கள்ளர் கிராமத்தின் அவதி எல்லாம் அதில் வருகின்றன.

இதைத் தேடுகிறவருக்கு அது வெறும் கதைப் புத்தகமாக இருக்க முடியாது. குற்றப் பரம்பரைச் சட்டம் அவருடைய தாத்தாவையும் பாட்டனையும் தொட்ட சட்டம். உசிலம்பட்டி வட்டாரத்திலுள்ள பெருங்காமநல்லூரில், 1920 ஏப்ரல் 3 அன்று அந்தச் சட்டத்தை எதிர்த்து நின்ற மக்கள் மீது போலீஸார் சுட்டதில் 16 பேர் உயிர் நீத்தார்கள். தன் முன்னோர் எப்படி எழுதப்பட்டிருக்கிறார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியது. நாலரை நட்சத்திரம் அதைச் சொல்லுமா?

பெரியவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்போம் என்றால், அங்கேயும் வழக்கு. ஜெயமோகன் இந்த நாவலை விரிவாகப் பாராட்டி எழுதினார். எஸ். ராமகிருஷ்ணன் கடுமையாகச் சாடினார். இருவரும் சாமானியப்பட்ட எழுத்தாளர்களா? 2011-ம் வருஷத்துச் சாகித்ய அகாதமி பரிசு இந்த நாவலுக்குக் கிடைத்தது. 2012-ல் இதன் ஒரு பகுதியை வைத்து ‘அரவான்’ படம் வந்தது. ஆசிரியரோ 2019-லும் 2024-லும் மதுரையிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். தேர்தல் கோபமும் தேர்தல் பாசமும் நட்சத்திரத்தில் கலக்காது என்று யார் உத்தரவாதம் தருவது?

வேடிக்கை என்னவென்றால், பாராட்டைவிடச் சாடல்தான் வாங்குபவருக்கு அதிக உபயோகம். ‘அருமை, அற்புதம்’ என்பதில் ஒரு தகவலும் இல்லை. ‘ராஜாக்களும் படையெடுப்புகளுமாகப் பக்கம் பக்கமாக நீளுகிறது’ என்று ஒருவர் குறைபட்டுக்கொண்டால், சரித்திரப் பிரியர் அதற்காகவே வாங்கலாம். கதை மட்டும் வேண்டுபவர் விலகிக்கொள்ளலாம்.

99-ம் பக்கம்

போர்டு மேடாக்ஸ் போர்டு என்ற ஆங்கில நாவலாசிரியர் பேரில் ஒரு யோசனை வழங்கிவருகிறது. எந்த நாவலையும் 99-ம் பக்கத்தில் திறந்து படித்துப் பார்க்கவேண்டுமாம். கனடாப் பேராசிரியர் மார்ஷல் மக்லூஹன் சொன்னது 69-ம் பக்கம். நம்பரில் மந்திரம் ஒன்றுமில்லை. முதல் பக்கத்தை எல்லா ஆசிரியர்களும் பத்துத் தடவை திருத்தி எழுதுவார்கள். அது பெண் பார்க்க வரும் நாளில் கட்டிய பட்டுப்புடவை. நடுப்பக்கத்தில்தான் வீட்டில் உடுத்தும் சேலை தெரியும்.

செல்போனில் நடுப்பக்கம் கிடைக்காவிட்டால், வேறு இடம் இருக்கிறது. மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில், தேடும் நாவல் இருந்தால், அலமாரியிலிருந்து எடுத்துச் சாவகாசமாகப் புரட்டலாம். பழைய நூல்களுக்கு ‘மதுரைத் திட்டம்’ இருக்கவே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய இந்த இணைய ஏட்டுத் தொகுப்பில் ‘பொன்னியின் செல்வன்’ முழுவதையும் இலவசமாகவே படித்துவிடலாம்.

‘பொன்னியின் செல்வன்’ என்றதும் இன்னொரு ஜாக்கிரதை ஞாபகத்துக்கு வருகிறது. அது ஐந்து பாகம். நாட்டுடைமையான நூலாதலால் பல பதிப்பகத்தார் பல விலையில் போடுகிறார்கள். சுருக்கப் பதிப்பும் உண்டு. மணிரத்னம் படம் 2022-ல் வந்த சூட்டில், ‘அடேயப்பா, என்ன மலிவு!’ என்று பொத்தானை அழுத்திவிட்டு, ஒரே ஒரு பாகம் வந்து சேர்ந்ததும் விழிப்பதில் என்ன பிரயோஜனம்? பக்க எண்ணிக்கை, பாக எண், பதிப்பகத்தின் பெயர் ஆகிய மூன்றும் அட்டைப்படத்துக்குக் கீழேயே இருக்கும். பார்க்க அரை நிமிஷம் போதும். விலை சந்தேகமாக இருந்தால் பதிப்பகத்தாருக்கே ஒரு போன் போடலாம்.

அந்தச் சிவப்பு எழுத்து அறிவிப்பு? ‘ஒரே பிரதி’ என்பது அந்த விற்பனையாளர் கையில் இருக்கும் கணக்கு. இந்தக் காலத்தில் தேவைக்குத் தக்கபடி ஐம்பது, நூறு என்றுகூட அச்சடித்துக்கொள்ள வசதி வந்துவிட்டது. உலகத்தில் அந்த நாவல் அதோடு தீர்ந்துபோகப் போவதில்லை.

பஸ் ஆரப்பாளையத்துக்குள் நுழைகிறது. நம் வாலிபர் இன்னும் வாங்கவில்லை. அணிந்துரையையும் வாழ்த்துரையையும் தாண்டி, ஒருவழியாகக் கதையின் மூன்றாம் பக்கத்துக்கு வந்திருக்கிறார். கண்டக்டர் இறங்கச் சொல்லிச் சத்தம் போடுவதுகூடக் காதில் விழவில்லை. திரையில் இப்போதும் அதே ‘ஒரே ஒரு பிரதி’தான் பாக்கி!