தும்புத்தூளில் பயிர் வளர்ப்போர் நீரும் பசளையும் ஊட்டும் முறை

பதுளை, பசறை, பண்டாரவளை, வெலிமடை ஆகிய பகுதிகளில் பொலித்தீன் கூடாரம் அமைத்துத் தக்காளியும் குடைமிளகாயும் பயிரிடுவோர் பலர் உளர். லயத்தின் பின்புறத்தே சிறு துண்டு நிலமே உடைய தோட்டத்துக் குடும்பத்தினருக்கும் இம்முறை ஏற்றதே. ஒரே மண்ணில் திரும்பத் திரும்பத் தக்காளியும் கத்தரியும் உருளைக்கிழங்கும் இட்டு, பற்றீரியா வாடல் நோய் நிலைத்துவிட்ட இடங்களில், மண்ணை விட்டுத் தும்புத்தூள் நிரப்பிய பைகளுக்கு மாறுவது நல்ல யோசனையாகும். ஆனால், மண்ணில் பழகிய கையோடு தும்புத்தூளுக்கு நீரூற்றுவோர் முதற் போகத்திலேயே கைப்பொருளை இழந்துவிடுகின்றனர். பயிர் போன பின்னும் கூடாரத்துக்காக வாங்கிய கடன் எஞ்சி நிற்கும். ஆகையால் இப்பிரசுரத்தை விதையிடுமுன் படிப்பது நலம்.

தேங்காய் மட்டையிலிருந்து தும்பைப் பிரித்தபின் எஞ்சும் பழுப்பு நிறத் தூளே தும்புத்தூள் எனப்படும். 1860ஆம் ஆண்டுகளிலேயே இங்கிலாந்துத் தோட்டக்காரர் இதனைச் சாடிகளில் இட்டுச் செடி வளர்த்தனர். பின்னர் அவ்வழக்கம் அருகிற்று. நம் நாட்டிலோ குருநாகல், புத்தளம் பகுதிகளின் தும்பு ஆலைகளுக்கு அருகே இது வெறுங்கழிவாகக் குன்றுகுன்றாகக் கிடந்தது. இப்போது அதே தூள் கட்டிகளாக அழுத்தப்பெற்றுப் பல நாடுகளுக்குக் கப்பலேறுகின்றது. நமது மலைப்பகுதிக்கு லொறியில் வந்து சேருவதும் அத்தூளே.

இத்தூளின் இயல்புகளுள் மூன்றை நீங்கள் மனத்தில் இருத்தல் வேண்டும். முதலாவது, இது தன் நிறையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். அவ்வாறு இருந்தும் வேருக்கு வேண்டிய காற்றையும் விடும். இரண்டாவது, செடிக்கு உணவாகத்தக்கது இதில் மிகச் சிறிதே உண்டு. மூன்றாவதையே பெரும்பாலோர் அறிவதில்லை. தென்னை தன் மட்டையில் பொற்றாசியத்தையும் சோடியத்தையும் குளோரைட்டையும் மிகுதியாகச் சேர்த்து வைக்கின்றது. மட்டையை உவர்நீரில் ஊறவைத்திருந்தால் உப்பு இன்னும் கூடும். இப்பொற்றாசியமும் சோடியமும் தூளோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் கல்சியம், மக்னீசியம் அடங்கிய பசளை நீரை ஊற்றியவுடன் தூள் பழையவற்றை விட்டுவிட்டுப் புதியவற்றைப் பற்றிக்கொள்கின்றது. செடிக்கென்று நீங்கள் இட்ட கல்சியத்தைத் தூளே முதலில் உண்டுவிடுகிறது என்று சொன்னாலும் தவறில்லை.

எனவே, நடுகைக்கு முன்னர் தூளைக் கழுவிப் பதப்படுத்தல் இன்றியமையாதது. 5 கிலோகிராம் கட்டியொன்று நீரில் ஊறினால் ஏறக்குறைய 60 முதல் 70 லீற்றர் வரை தூளாக விரியும். அதனைச் சாக்கிலோ துளையிட்ட பீப்பாயிலோ இட்டு, நல்ல நீரை ஊற்றி, வடியவிட்டு, மீண்டும் ஊற்றுக. இரண்டு மூன்று முறையாவது இவ்வாறு செய்தல் வேண்டும். வடியும் நீரின் நிறத்தைப் பார்த்து உப்பு நீங்கிவிட்டது என எண்ணுதல் தவறு. பழுப்பு நிறம் உப்பின் அடையாளம் அன்று. பின்னர், கட்டியொன்றுக்கு 100 கிராம் கல்சியம் நைத்திரேற்றை 20 லீற்றர் நீரில் கரைத்து, அந்நீரில் தூளை ஓர் இரவும் பகலும் ஊறவைத்து வடித்து, மறுபடியும் ஒரு முறை கழுவுக. இதன்பின் தூள் கல்சியத்துக்காகச் செடியோடு போட்டியிடாது.

உப்பு அளக்கும் மின்கடத்துதிறன் மானி உங்களிடம் இருந்தால், இறுதியாக வடிந்த நீர் 0.5 மில்லிசீமென்சுக்குக் குறைவாகக் காட்டுகின்றதா எனப் பார்க்கலாம். மானி இல்லாதோர் ஒரு சிரட்டையில் கழுவிய தூளையும், மற்றொரு சிரட்டையில் நல்ல மண்ணையும் இட்டு, இரண்டிலும் பத்துப் பயறு விதைத்து ஒரு வாரம் பொறுத்திருக்கவும். தூளில் முளைத்தவை குன்றியோ இலையோரம் கருகியோ காணப்படின் மீண்டும் கழுவுக. ஒரு வாரம் தாமதம் ஆகுமே எனச் சிலர் முணுமுணுப்பர். நான்கு மாதப் பயிரைப் பணயம் வைப்பதிலும் ஒரு வாரம் காத்திருப்பது மலிவானது.

நீரூட்டல்

செடியொன்றுக்கு 10 முதல் 12 லீற்றர் தூள் கொள்ளும் பை போதுமானது. பையின் அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்துக்குள் வடிதுளைகள் இருத்தல் வேண்டும். துளையில்லாப் பையில் வேர் அழுகுவது திண்ணம்.

மண்ணில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை நிறைய நீர் கட்டுவது வழக்கம். தும்புத்தூளில் அது கூடாது. இங்கு ஒவ்வொரு முறையும் சிறிதளவாக, நாளில் பல முறை ஊட்டுக. நாற்று நட்ட முதல் இரு வாரங்களில் செடியொன்றுக்கு நாளொன்றுக்கு 200 முதல் 300 மில்லி லீற்றர் அளவில் தொடங்குதல் நன்று. காய் நிறைந்த தக்காளிச் செடி, வெயிலும் காற்றும் மிகுந்த நாளில் ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை குடிக்கும். அதனை ஐந்தாறு முறையாகப் பகிர்ந்து கொடுக்கவும். சூரியன் எழுந்து ஒரு மணி நேரம் கழித்து முதலூட்டலும், சாய்வதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னர் இறுதியூட்டலும் அமையட்டும். இரவில் ஊற்றிய நீரைச் செடி எடாது. ஈரம் தேங்கிய குளிர்ந்த பை வேர் நோய்க்கு இடங்கொடுக்கும்.

தோட்டத்தில் வேலைக்குச் செல்வோர், கொழுந்து நிறுத்துத் திரும்பும் வரை யார் நீரூற்றுவது என்று கேட்பது நியாயமே. காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் மட்டும் ஊற்றினால் நடுப்பகலில் பை காய்ந்துவிடும். உயரத்தில் ஒரு தாங்கியை வைத்துச் சொட்டுக் குழாய் இணைத்து, மதிய வேளையில் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் திருகியைத் திறந்து மூட ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதற்கும் ஆளில்லாத வீட்டார் இப்பயிர்ச்செய்கையை இப்போதைக்குத் தொடங்காதிருப்பதே நலம் என்பது எமது கருத்து.

எவ்வளவு ஊற்றுவது என்பதை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். வடியும் நீரைப் பார்த்து முடிவு செய்க. ஒரு பையின் கீழ்த் தட்டொன்றை வையுங்கள். அப்பைக்கு விழும் அளவு நீரைத் தனியே ஒரு போத்தலிலும் பிடியுங்கள். மாலையில் இரண்டையும் அளந்தால், ஊற்றியதில் நூற்றுக்கு 15 முதல் 20 வரை வடிந்திருத்தல் வேண்டும். ஒன்றுமே வடியாவிடில் உப்புப் பையில் சேர்ந்துகொண்டே போகும். பாதி வடியுமாயின் பசளை வீணாகின்றது. தூளை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டொரு துளி கசிவது சரியான பதம்.

ஊவாவின் காலநிலையை இங்குக் கவனித்தல் வேண்டும். ஐப்பசி முதல் தை வரையில் வடகீழ்ப் பருவமழை பெய்யும். மூடுபனி படியும் அந்நாட்களில் செடி பாதியளவு நீரும் குடிக்காது. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களிலோ பண்டாரவளைப் பக்கத்தில் வறண்ட காற்று ஓயாது வீசும். ஆனி மாதத்து அளவை மார்கழியிலும் ஊற்றுபவர் பயிரை மூழ்கடிக்கின்றார். மார்கழி அளவை ஆனியில் ஊற்றுபவர் அதனை வாட்டுகின்றார்.

பசளையூட்டல்

தூளில் உணவு இல்லையாதலால் ஒவ்வொரு முறையும் நீரோடு பசளையும் செல்லுதல் வேண்டும். தனியே வெறுநீர் ஒரு நாள், பசளை ஒரு நாள் என மாற்றி மாற்றி ஊற்றுவது இங்குப் பொருந்தாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலேயே தடை தளர்த்தப்பட்டது. மண்ணில் பயிரிட்டோர்க்கு மண்ணிலிருந்த சத்து சில காலம் கைகொடுக்கும். பையில் பயிரிட்டோர்க்கு அவ்வாறான சேமிப்பு எதுவும் இல்லை. அடுத்த போகத்துக்கு வேண்டிய பசளை கைவசம் உள்ளதா என்று பார்த்த பின்னரே நடுகையைத் தொடங்குக.

தேயிலைக்கு இடும் பசளையில் ஒரு பிடி எடுத்துக் கரைத்து ஊற்றினால் என்ன என்று சிலர் வினவுவர். அவ்வாறு செய்தல் ஆகாது. தேயிலைப் பசளைக் கலவையிலுள்ள எப்பாவலைப் பாறைப் பொசுபேற்று அமிலமண்ணில் மெல்ல மெல்லக் கரைவது. பையில் அது கல்லாகவே கிடக்கும். மியூரியேற்றுப் பொற்றாசு குளோரைட்டை மேலும் கூட்டும். யூரியாவிலிருந்து உண்டாகும் அமோனியம் கல்சியத்தோடு முரண்படும். நீரில் முற்றிலும் கரையும் பசளைகளே வேண்டும். அல்பேட் கலவை என்ற பெயரில் விற்கப்படுவதையோ, தனித்தனி உப்புக்களையோ பொதியில் குறிப்பிட்ட அளவின்படி பயன்படுத்தலாம்.

தனித்தனியே வாங்குவோர் ஒன்றை மறவாதிருக்க. கல்சியம் நைத்திரேற்றைச் செறிந்த நிலையில் மக்னீசியம் சல்பேற்றுடனோ பொசுபேற்றுடனோ சேர்த்தால் வெண்மையான வண்டல் படியும். சொட்டுக்குழாய் அடைபடும், சத்தும் வீணாகும். ஆகையால் கல்சியம் நைத்திரேற்றை ஒரு வாளியிலும் ஏனையவற்றை மற்றொரு வாளியிலும் கரைத்து, தாங்கி நிறைய நீர் இருக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றிக் கலக்குக.

கரைசலின் வலிமை நாற்றுக்கு 1.2 மில்லிசீமென்ஸ் அளவிலும், காய்க்கும் தக்காளிக்கு 2 முதல் 2.5 வரையிலும் இருக்கலாம். குடைமிளகாய்க்குச் சிறிது குறைவாக இருத்தல் நன்று. பீ.எச். பெறுமானம் 5.8க்கும் 6.2க்கும் இடைப்பட்டதாக இருக்கட்டும். சுண்ணாம்புப் பாறையூடாக வரும் ஊற்று நீரானால் இப்பெறுமானம் உயர்ந்திருக்கும். அந்நீரை முதலில் விவசாயப் போதனாசிரியரிடம் கொடுத்துச் சோதித்துக் கொள்ளுக. காற்றும் வெயிலும் கடுமையான நாட்களில் செடி வாடுகின்றதே எனப் பசளையைக் கூட்டாதீர்கள். அந்நாட்களில் செடி உணவைக் காட்டிலும் நீரையே மிகுதியாக உறிஞ்சுவதால் கரைசலைச் சற்றே ஐதாக்குதல் வேண்டும். வடிநீரின் உப்பு ஊற்றிய நீரினதை விட 1 மில்லிசீமென்சுக்கு மேல் மிகுந்துவிட்டால், அரைப்பங்கு வலிமையுள்ள கரைசலால் பையை நன்கு கழுவிவிடுக.

தக்காளிக் காயின் அடிப்புறம் கறுத்து, தோல்போல அமுங்கிப் போவதைக் கண்டு பூசணக்கொல்லி வாங்குவோர் பலர். இது நோயன்று, கிருமி இதில் இல்லை. காய்க்குச் சேரவேண்டிய கல்சியம் சேராமையே இதன் காரணம். கல்சியம் நீரோடு மட்டுமே செடிக்குள் ஏறும். இலைகள் அதனைத் தம்பால் இழுத்துக்கொள்ள, காய்க்குக் குறைவாகவே கிட்டும். ஒருநாள் பை காய்ந்து மறுநாள் நிரம்பி வழிந்தால், அல்லது பையில் உப்பு மிகுந்தால், அந்தச் சிறிதளவும் கிட்டாது. மருந்து தெளித்துப் பணம் செலவிடாமல், தூளைப் பதப்படுத்தினீர்களா, மதிய நீர் தவறியதா என்று பாருங்கள். கறுத்த காய் இனித் திருந்தாது. அதனைக் கிள்ளி எறிந்துவிடுக.

வடியும் நீரில் பசளை உண்டு. அது பீலிக்கோ ஓடைக்கோ சென்று சேரவிடாதீர்கள். கீழ்லயத்தார் குடிக்கும் நீர் அதுவேயாகலாம். சிறு கானொன்று வெட்டி வாழைக்கோ வீட்டுத்தோட்டப் பாத்திக்கோ திருப்பிவிடுக. நோயற்ற தூளை இரண்டு மூன்று போகங்களுக்குப் பயன்படுத்திப் பின்னர் மண்ணோடு கலக்கலாம். வாடல் நோய் கண்ட செடியின் பையை மட்டும் அப்படியே கட்டி எடுத்துக் கூடாரத்துக்கு வெகு தொலைவில், நீரோட்டம் இல்லாத இடத்தில் ஆழப் புதைத்துவிடுக.