மூடாக்கும் வளர்ப்பு நாயும்

மண்ணில் ஈரம் காயாமலும் களை மண்டாமலும் இருக்கச் செடியின் தூரைச் சுற்றிப் பரப்பும் மூடாக்குகளில் பெரும்பாலானவை நாய், பூனைகளுக்கு நஞ்சல்ல. வைக்கோல், சருகு, மரப்பட்டை, தென்னை நார்க்கழிவு எல்லாம் இந்த வகைதான். முக்கியமான விலக்கு கோகோ விதைத் தோல்.

சாக்லேட் தயாரிப்பில் கோகோ விதையை வறுத்து உடைக்கும்போது கழியும் தோல் இது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மூட்டை மூட்டையாகத் தோட்டங்களுக்கு விற்கிறார்கள். ஆழ்ந்த பழுப்பு நிறத்துக்காகவும் சாக்லேட் வாசனைக்காகவும் மக்கள் விரும்பி வாங்குகிறார்கள். அந்த வாசனைக்கு நாயும் மயங்கும். தோலில் தியோபுரோமினும் சிறிதளவு காஃபீனும் உள்ளன. மனித உடல் தியோபுரோமினை விரைவாகச் சிதைத்துவிடும். நாயின் உடலிலோ அது பாதியாகக் குறையவே ஏறத்தாழ 17 மணி நேரம் பிடிக்கும்.

நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் தியோபுரோமின் உள்ளே போனாலே வாந்தி, வயிற்றுப்போக்கு, நிலைகொள்ளாமை தொடங்கலாம். அளவு ஏற ஏற இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60 மில்லிகிராமைத் தாண்டினால் வலிப்பு வரலாம். தோலில் இதன் செறிவு மூட்டைக்கு மூட்டை மாறும். நூற்றில் ஒரு பங்கு என்று கொண்டால், 10 கிலோ எடையுள்ள நாய்க்கு 20 கிராம் தோலே தொல்லை தரும். 60 கிராம் உயிருக்கே உலை வைக்கலாம். எல்லா நாயும் இதைத் தின்னாது என்பது உண்மைதான். ஆனால் கண்டதையும் விழுங்கும் குட்டிகளையும் லாப்ரடார்களையும் நம்புவதற்கில்லை.

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் கோகோ தோலைவிட அஞ்ச வேண்டியது ஆமணக்குப் புண்ணாக்கு. இது மூடாக்கு அல்ல, உரம்; ஆனாலும் அதே தூரில்தான் கிடக்கிறது. போதிய அளவு சூடேற்றிப் பக்குவப்படுத்தாத புண்ணாக்கில் ரைசின் என்னும் கொடிய நஞ்சு தங்கியிருக்கும். தின்ற சில மணி நேரம் வரை, சில சமயம் ஓரிரு நாள் வரைகூட நாய் நன்றாக இருப்பதாகவே தெரியும். பிறகுதான் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு தொடங்கும்.

நஞ்சில்லாத மூடாக்கும் குடலை அடைக்கக்கூடும். பெரிய பட்டைத் துண்டுகளும் ரப்பர் துண்டுகளும் செரிக்காது. உலர்ந்த நார்க்கழிவு வயிற்றுக்குள் நீரை உறிஞ்சி ஊதும். ஈரத்தில் பூசணம் பிடித்த மூடாக்கையும் அள்ளிவிட வேண்டும், சில பூசணங்களின் நஞ்சு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கும்.

தியோபுரோமினுக்கு மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் கொண்டுபோனால் கால்நடை மருத்துவர் வாந்தி எடுக்க வைத்து, செயலூட்டிய கரி கொடுப்பார். சிறுநீர்ப்பையிலிருந்தே தியோபுரோமின் மீண்டும் இரத்தத்தில் சேரும் என்பதால், நீர்ச்சத்து ஏற்றி அடிக்கடி சிறுநீர் கழிக்க வைப்பதும் சிகிச்சையில் அடங்கும். வீட்டில் உப்புக் கரைசல் புகட்டி வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இரத்தத்தில் உப்பு ஏறி அதுவே உயிரைப் பறிக்கலாம்.